செண்பகவல்லி டீச்சருக்குப் புருஷன் உண்டா, இல்லையா?

போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டுச் சிலர் கார்டு போட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைதான் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் தாலுகா ஆபீசில் பிடித்த சுற்றல்.

அங்கே ஒரு கிளார்க் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இறந்துபோன அம்மாவுக்குப் புருஷன் உண்டா, இல்லையா?"

மூன்றாம் வகுப்புப் பையன்கூடப் பதில் சொல்லிவிடுவான் இல்லையா? உண்டு என்றால் உண்டு. இல்லை என்றால் இல்லை. நான் முழித்தேன். பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் என்னைவிட அதிகமாக முழித்தாள். கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டுல போய் நல்லாக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

வீட்டில் யாரைக் கேட்பது? பதில் தெரிந்தவர்தான் செத்துப்போய்விட்டாரே!

செண்பகவல்லி டீச்சர் எங்களுக்குப் பக்கத்து வீடு. எலிமெண்டரி பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுத்தவர். என் மூன்று பிள்ளைகளும் அவரிடம்தான் வாய்பாடு படித்தார்கள், அவரிடம்தான் அடியும் வாங்கினார்கள். பங்குனி மாதம் ஒருநாள் காலையில், பள்ளிக்கூடத்து ப்ரேயர் மணி அடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயசுகூட நிறையவில்லை.

தாய் தகப்பன் முன்னாலேயே போய்விட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. உயில் கிடையாது. ஒரு வீடு உண்டு. அந்த வீட்டில் கூடவே இருந்த ஒரு தங்கச்சி உண்டு. அவள்தான் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. முன்ரூமில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கிறாள். வைகாசி பிறந்துவிட்டால் மெஷின் சத்தத்தில் எங்கள் வீட்டு ரேடியோ கேட்காது. அந்த வீடும் அந்த மெஷினும்தான் அவள் பிழைப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, வீட்டு வரி ரசீதுல அக்கா பேருல்லா இருக்கு. எம்பேருக்கு மாத்தணும்னு வரி கட்டப் போன எடத்துல சொல்லுதாங்க. ஒரு எட்டு வாரியளா?"

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன். தெருவில் எனக்கு 'ஃபாரம் நிரப்பத் தெரிந்தவர்' என்று பட்டம். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? "இது ஒரு காரியமா, அரைநாள் லீவு போட்டு முடிச்சிரலாம்" என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

வரி ஆபீசில், வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டுவா என்றார்கள். அதற்குத் தாலுகா ஆபீஸ். அங்கே ஒரு ஃபாரம். இறந்தவர் பெயர், வயது, எல்லாம் மடமடவென்று நிரப்பினேன். அடுத்த வரி, கணவர் பெயர். அங்கேதான் வண்டி குடை சாய்ந்தது.

டீச்சருக்குக் கல்யாணம் ஆனது. அது தெருவுக்கே தெரியும். கயத்தாறு பக்கம், சங்கரபாண்டி என்று ஒருவர். பதினேழு வயசில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அது வெள்ளைக்காரன் காலம், ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினாலும் கேள்வி கேட்கச் சட்டம் கிடையாது. டீச்சர் இங்கே ட்ரெயினிங் முடித்து வேலைக்குப் போனார். அதன்பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை.

அப்படியானால் புருஷன் இல்லை என்று எழுதிவிடலாமா?

எழுதலாம்தான். ஆனால் டீச்சர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் கடைசி வரைக்கும் 'திருமதி' என்றுதான் கையெழுத்துப் போட்டார். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கயத்தாற்றிலிருந்து யாரோ வந்து அந்த மனுஷர் போய்விட்டார் என்று சொன்னார்கள். டீச்சர் கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெறும் நெற்றியோடு வெளியே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவ் லெட்டர் எழுதினார். காரணம்: கணவர் மறைவு. அந்த லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

இப்போது சொல்லுங்கள். உண்டா, இல்லையா?

நேரே வக்கீல் ரொட்ரிகோவிடம் போனோம். பழைய சிநேகிதர். பூர்வீகம் கடற்கரைத் தெரு. பாட்டன் காலம்வரைக்கும் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த குடும்பம், இவர் மட்டும் கோர்ட்டுக்குப் போய்வருகிறார். டீச்சர் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"வே, உயில் இல்லியா?"

"இல்லை."

"பிள்ள?"

"இல்லை."

"அப்ப அந்த வீடு இந்தம்மாவுக்கு இல்ல வே. புருஷன் வாரிசுக்குப் போகுது."

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். செத்துப்போன புருஷனுக்கு எப்படி வீடு போகும்?

அவர் விளக்கினார். உயில் எழுதாத இந்துப் பெண் பிள்ளையில்லாமல் செத்தால், சொத்து முதலில் புருஷனுடைய வாரிசுகளுக்கு. அப்படி யாரும் இல்லையென்றால்தான் தாய் தகப்பன். அதற்கும் பிறகுதான் தகப்பன் வழி உறவு. தங்கச்சி அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறாள். முன்வரிசையில் நிற்பது யார்? சங்கரபாண்டியின் இரண்டாம் மனைவியும், அவள் பிள்ளையும்.

"அக்காளத் தள்ளி வச்சிட்டுக் கெட்டினவளுக்கா அக்கா வீடு?" என்றாள் பேச்சியம்மாள்.

"சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது."

"சட்டத்துக்குக் கண்ணு தெரியாதா சார்?"

வக்கீல் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்கு ஒரு யோசனை ஓடியது. வீடு டீச்சர் சம்பாதித்ததில்லையே! அவர்கள் அப்பாவுடையதல்லவா? அவர் ஏரல்காரர். இங்கே வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். மகன் கிடையாது, இரண்டு பெண்கள்தான். அப்பா சொத்து அப்பா வழிக்குத்தானே திரும்ப வேண்டும்?

வக்கீல் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்பா எதுவும் எழுதி வைக்காமச் செத்து, வாரிசா வந்த வீடுன்னா திரும்பும் வே. பத்திரத்தக் கொண்டாங்க."

பேச்சியம்மாள் ஓடிப்போய்ப் பத்திரத்தைக் கொண்டு வந்தாள். வெளிச்சம் அணைந்துவிட்டது. அப்பா முன்யோசனைக்காரர். வாழாவெட்டியாக வந்து நிற்கிற மூத்தவளுக்கு நாளைக்கு யாரும் இடைஞ்சல் செய்யக்கூடாது, சின்னவளுக்கு எப்படியும் ஒரு புருஷன் வருவான் என்று நினைத்து, உயிரோடு இருக்கும்போதே வீட்டை மூத்தவள் பேருக்குத் தானப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் பண்ணியிருந்தார். தானமாக வந்தது வாரிசாக வந்ததாகாதாம். திரும்பாதாம்.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். அப்பா அக்கறையாக எழுதி வைத்தார், அதனால் வீடு போகிறது. அவர் பாட்டுக்குச் சோம்பேறியாக ஒன்றும் எழுதாமல் செத்திருந்தால், பாதி வீடு அன்றைக்கே பேச்சியம்மாளுக்கு, மீதிப் பாதி இன்றைக்கு. மகள் எழுதாதது தப்பு, அப்பா எழுதினது தப்பு. யாரைத்தான் திட்டுவது?

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பில் மீன்குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு யோசித்தாள். "அப்ப நான் செத்தா எங்க அம்மா போட்ட சங்கிலி யாருக்குப் போகும்?" என்றாள். நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகும் என்றேன். "உங்களுக்கு வராதுல்லா?" என்றாள். எனக்கும் ஒரு பங்கு உண்டாம், வக்கீல் சொன்னார். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பேச்சியம்மாள் மெஷினை மிதித்துக்கொண்டே, வேறெதையோ பேசுகிற மாதிரி ஒன்று சொன்னாள்.

"துரும்பு கிள்ளிப் போட்டாச்சுன்னு அப்பா சொல்லுவாரு அண்ணாச்சி. அப்பொறமும் என்ன புருஷன் பொண்டாட்டி?"

"என்ன துரும்பு?"

அவர்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்சாதிக்குள் ஒத்துவரவில்லை என்றால், கோயில் முன்னால் பெரிய ஆட்கள் கூடுவார்கள். வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்து, புருஷன்காரன் இரண்டாகக் கிள்ளி, பெண் பக்கம் கொடுப்பான். வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அவன் யாரோ, அவள் யாரோ. கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், ஒரு துரும்பு போதும்.

நான் ஆபீசுக்குப் போகாமல் வக்கீலிடம் ஓடினேன். ரொட்ரிகோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இத ஏன் வே மொதல்லயே சொல்லல? அந்தச் சாதி வழக்கத்தச் சட்டம் ஏத்துக்கிடும். துரும்பு கிள்ளினது நெசம்னா அந்தாளு புருஷனே இல்ல. புருஷன் இல்லன்னா புருஷன் வாரிசு ஏது? வீடு தங்கச்சிக்குத்தான்."

"அப்புறம் என்ன?"

"யாரு பாத்தா? எழுத்து இருக்கா?"

எழுத்து எங்கே இருக்கும்? அந்த மனுஷர்களுக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பத்து பெரிய மனிதர்கள் பார்த்தால் அதுதான் பத்திரம், அதுதான் ரிஜிஸ்தர். அந்தப் பத்துப் பேரும் முப்பது வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் கடைசி வரைக்கும் உயிரோடு இருப்போம் என்ற நினைப்பில்தான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள் போல. பேச்சியம்மாள் அப்போது ஏரலில் இருந்த சின்னப் பெண். அவள் பார்க்கவில்லை.

"எங்க ஆளுகன்னா மாதா கோயில் புஸ்தகத்தப் புரட்டினாக் கல்யாணம் என்னைக்குன்னு தெரிஞ்சுபோகும்" என்றார் ரொட்ரிகோ. பிறகு அவரே, "புருஷன் பொண்டாட்டிய அத்து விடுதது எங்களுக்கு இல்லவே இல்ல, அது வேற கூத்து" என்றார்.

எப்படியும் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்குக் கயத்தாற்றுப் பக்கம் ஆள் போகத்தான் போகிறது. மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிடலாம் என்றார் வக்கீல். அந்தக் குடும்பத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர் ஒரு 'விடுதலைப் பத்திரம்' வரைந்து வைத்தார். அதாவது, 'எங்களுக்கு வருகிற உரிமையைப் பேச்சியம்மாளுக்கே விட்டுக்கொடுக்கிறோம்' என்று கயத்தாற்றுக்காரர்கள் மனசு வைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம். பேச்சியம்மாள் அன்று முழுவதும் மெஷினைத் தொடவில்லை. தைக்க வந்திருந்த துணிகளை மடித்து மடித்து வைத்தாள்.

"யூனிஃபாரம் தைச்சுத் திருப்பிக் குடுக்க எனக்கு வீடு இருக்குமான்னு தெரியலியே அண்ணாச்சி. புதுசா ஆர்டர் வாங்கவா, வேண்டாமா?"

எனக்கு என்ன தெரியும்? வாங்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் வந்தார்கள். தாயும் மகனும். வெள்ளைத்தாய் என்று பெயர். பேச்சியம்மாள் வயசுதான் இருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு, வெறும் கழுத்து. மகன் முருகையாவுக்கு இருபத்தைந்து வயசு, கயத்தாறு மெயின் ரோட்டில் சைக்கிள் கடை. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். வாசலில் நின்று வீட்டை மட்டும் அண்ணாந்து பார்த்து ஜன்னல்களை எண்ணினான்.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குச் சொந்தக்காரப் பெண்கள் வந்தால், வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுவது எங்கள் பக்கத்து முறை. வெளி ஆள் என்றால் அழ வேண்டியதில்லை, உட்கார்ந்து இரண்டு வார்த்தை கேட்டால் போதும். வெள்ளைத்தாய் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டி அழுவதா, வேண்டாமா? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவள் சொந்தமா, அசலா? அன்றைக்கு அந்தக் கேள்விக்குத்தானே பஞ்சாயத்தே!

"உள்ள வாங்க" என்றாள் பேச்சியம்மாள் கடைசியில்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் முருகையாதான் ஆரம்பித்தான்.

"பெரியம்மா போனது எங்களுக்கு வருத்தந்தான். நாங்களும் கோயில்பட்டியில ஒரு வக்கீலக் கேட்டோம். வீடு எங்களுக்குத்தான்னு சொல்லுதாரு. அதுக்காகச் சித்திய வெளிய போன்னு சொல்ல மாட்டோம். பின்கட்டுல ஒரு ரூம்புல இருந்துக்கிடட்டும். முன்னால நான் கடை போட்டுக்கிடுதேன்."

பிறந்ததிலிருந்து பார்க்காத டீச்சர், பெரியம்மா. இந்த நிமிஷம்தான் பார்த்த பேச்சியம்மாள், சித்தி. சட்டப் புஸ்தகம் இரண்டு சொந்தத்தை ஒரே நாளில் பெற்றுக் கொடுத்துவிட்டது.

"எங்க அக்கா ஒனக்குப் பெரியம்ம இல்ல. துரும்பு கிள்ளிப் போட்டாச்சு" என்றாள் பேச்சியம்மாள்.

பையன் தயாராக வந்திருந்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றிருக்கிறான், அது போதாதா?

"அப்படின்னா எங்கப்பா செத்தன்னைக்குப் பெரியம்மா எதுக்குப் பொட்ட அழிச்சாங்க? பள்ளிக்கூடத்துல 'கணவர் மறைவு'ன்னு எதுக்கு லீவு எழுதிக் குடுத்தாங்க?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். லெட்டரைக் கொண்டுபோனவன் நான்தானே! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

ரொட்ரிகோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சண்டை வேண்டாம், ஒரு பத்திரம் வரைந்திருக்கிறேன், கேளுங்கள், உங்களுக்குச் சம்மதமானால் கையெழுத்து, இல்லாவிட்டால் வேண்டாம் என்று படிக்க ஆரம்பித்தார். "கயத்தாறு காலஞ்சென்ற சங்கரபாண்டி அவர்களின் முதல் மனைவி காலஞ்சென்ற செண்பகவல்லி, மேற்படியாரின் இரண்டாவது மனைவி வெள்ளைத்தாய் ஆகிய..."

"நில்லுங்க" என்றாள் வெள்ளைத்தாய். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "யாரு ரெண்டாவது?"

"நீங்கதாம்மா."

"எம்மா, சும்மா இரி" என்றான் மகன். "ரெண்டாவதுன்னு இருந்தாத்தான் வீடு."

"ஏலே, நீ வாய மூடு. பெரியம்மயாம் பெரியம்ம. யாருலே ஒனக்குப் பெரியம்ம?"

அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். மகனைப் பார்த்துப் பேசவில்லை, வக்கீலைப் பார்த்துப் பேசினாள்.

"அய்யா, எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா ஊர்ல ஒருத்தரு என்னிய ரெண்டாந்தாரம்னு சொன்னதில்ல. சொல்ல விட்டதுமில்ல. நான் அவருக்கு அத்த மக. கோயில் முன்னால பெரியாளுக கூடி, துரும்பு கிள்ளிப் போட்டு, அதுக்குப் பொறவு ஆறு மாசம் கழிச்சுத்தான் எங்கழுத்துல தாலி ஏறிச்சு. ஒருத்தி இருக்கையில இன்னொருத்தியா நான் போகல. இருவது வருசம் அவரு கூடப் பொழைச்சேன். ஒரு வீட்டுக்காவ நான் ரெண்டாவதா?"

"துரும்பு கிள்ளினத நீங்க பாத்தியளா?" வக்கீல் குரலில் ஒரு பதற்றம்.

"பாத்தேன். பதினாலு வயசு எனக்கு. பொம்பளயளோட நின்னு பாத்தேன்."

"தாலுகா ஆபீசுல வந்து சொல்லுவியளா?"

"எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

"எம்மா! வீடு போயிரும்மா!" முருகையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போவட்டும்லே. ஒங்கப்பா கெட்டின பொண்டாட்டிக்குப் பொறந்தவன்னு இரி. அது போதும்."

பேச்சியம்மாளுக்கு வீடு கிடைத்துவிட்டது. எதிராளி வாயாலேயே கிடைத்துவிட்டது. ரொட்ரிகோ என் தொடையைக் கிள்ளினார். நான் பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தைக் காணோம். அவள் வெள்ளைத்தாயிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"துரும்ப அக்கா வாங்கினாளா?"

வெள்ளைத்தாய் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவ எங்க வாங்கினா... வில்வண்டிக்குள்ளயே இருந்தா. கூப்பிட்டாங்க, எறங்கல. ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. அப்பொறம் ஒங்க அய்யாதான் துண்ட விரிச்சு வாங்கினாரு."

"போதும், போதும்" என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் வக்கீல். "அப்பா வாங்கினா மக வாங்கின மாதிரித்தான். மேல ஒண்ணும் கேக்காதிய."

அப்படியா? அப்பா வாங்கினால் மகள் வாங்கின மாதிரியா? வக்கீலுக்கு அது போதும். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. வண்டியை விட்டு இறங்காத அந்தப் பத்தொன்பது வயசுப் பெண், 'நான் வாங்கவில்லை, அதனால் தீரவில்லை' என்று முப்பது வருஷம் ஒரு ஆளிடமும் வாயைத் திறந்து சொல்லாமல், அந்த மனுஷர் இருந்தவரைக்கும் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் பழக்கதோஷம் என்று நினைத்துவிட்டோம். தங்கச்சி உள்பட.

போகும்போது துட்டி வீட்டு முறைப்படி வெள்ளைத்தாய் சொல்லிக்கொள்ளாமல் போனாள். பையன் மட்டும் திரும்பி ஒருதடவை ஜன்னல்களைப் பார்த்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சட்டம் கொடுத்ததை அம்மா பிடுங்கினால் எந்தப் பையனுக்குத்தான் பொறுக்கும்?

போன திங்கட்கிழமை எல்லோரும் தாலுகா ஆபீசில். முதலில் வெள்ளைத்தாய் வாக்குமூலம். கிளார்க் எழுதி முடித்ததும், "எம்பேர எப்படிப் போட்டிருக்கிய, வாசிங்க" என்றாள். 'சங்கரபாண்டி மனைவி வெள்ளைத்தாய்' என்று வாசித்தார். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். மை தொட்டு அழுத்தமாக ஒரு ரேகை வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கைக்கு வந்த வீட்டைக் கோட்டைவிட்டவள் மாதிரியே இல்லை.

அடுத்தது பேச்சியம்மாள். அவள் எழுத்துப் படித்தவள். கிளார்க் நீட்டிய தாளைத் தானே வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

'அதன்பிறகு என் அக்காள் மேற்படி சங்கரபாண்டியைத் தன் கணவராகக் கருதவில்லை என்றும், அவர் மனைவியாகத் தன்னைப் பாவித்து ஒருபோதும் நடக்கவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.'

"இந்த வரி வேண்டாமே சார்" என்றாள்.

"அது கட்டாயம் வேணும்மா" என்றார் கிளார்க். கெட்ட மனுஷர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "ரிஜிஸ்டர்ல திருமதின்னு கையெழுத்து, லீவ் லெட்டர் வேற இருக்கு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா? நீங்கதானே கூடவே இருந்தவங்க. நீங்க சொன்னாத்தான் செல்லும்."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட்டா அக்கா கோவிச்சுக்கிட மாட்டாளா?"

மாட்டார்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். டீச்சர் உயிரோடு இருந்திருந்தால் எனக்கு முட்டிக்கு முட்டி விழுந்திருக்கும்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சியம்மாள் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளார்க் அந்தப் பழைய ஃபாரத்தை எடுத்தார். நான் மூன்று தடவை நிரப்ப முடியாமல் திரும்பிப் போன இடத்தில், 'கணவர்: இல்லை' என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டார்.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு கலர் வாங்கினேன். அவள் குடிக்கவில்லை, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வீடு கெடச்சிட்டு அண்ணாச்சி. அதுக்கு அக்கா புருஷன நான் குடுத்துட்டேன்" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் கார்டு போடுங்கள். நீ செய்தது சரிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வீடு போயிருந்தால் பின்கட்டு ரூமில் படுத்திருக்கப்போவது நானா?

நேற்றிலிருந்து பக்கத்து வீட்டில் மெஷின் ஓடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு தாளை எடுத்து இரண்டே வரி உயில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், தங்கச்சிக்கு வீடும் இருந்திருக்கும்... அவருக்குப் புருஷனும் இருந்திருப்பார்.